தரமிடப்படாத பழைய பேஸ்பால் கார்டுகள்: நம்பகமான டீலரைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட, 1980-க்கு முந்தைய அமெரிக்க பேஸ்பால் கார்டுகளை, தரமிடும் நிறுவனம் (கார்டு அசலா என்று சோதித்து, அதன் நிலைக்கு மதிப்பெண் இடும் நிறுவனம்) தரும் மதிப்பெண்ணும் பிளாஸ்டிக் உறையும் இல்லாத நிலையில், சேகரிப்பாளர்கள் ‘ரா கார்டு’ என்று சொல்லும் நிலையில், வாங்க நினைப்பவர்களுக்கானது. புதியவர்கள் பெரும்பாலும் ‘நல்ல டீலர் யார்’ என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். யாரோ ஒரு பெயரைச் சொல்ல, அந்தப் பெயரை மட்டும் நம்பி முதல் கொள்முதலிலேயே விலையுயர்ந்த கார்டை வாங்கிவிடுகிறார்கள். ஒரு டீலர் குறைகளை எப்படி எழுதுகிறார், புகார் வந்தால் என்ன செய்கிறார் என்ற இரண்டும் தெரியாமல் அவரை நம்பக்கூடாது. இவ்விரண்டையும் சில டாலர் பெறும் கார்டுகளிலேயே சோதித்துவிட முடியும். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த நோக்கில்தான் அமைந்துள்ளது.

எடுத்துக்காட்டுக்கு, டாப்ஸ் என்ற அமெரிக்கக் கார்டு நிறுவனத்தின் 1956 தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். அதில் எண்ணிட்ட கார்டுகள் 340. பெயர் பெறாத ஆட்டக்காரர்களின் ‘காமன்’ கார்டுகள் எளிதில் கிடைக்கின்றன. மிக்கி மேன்டில் (எண் 135), ஜாக்கி ராபின்சன் (30), ராபர்டோ கிளெமென்ட்டே (33) போன்ற பெரிய பெயர்களும் இருக்கின்றன. ஆகவே சோதனைக் கொள்முதல் முதல் பெரிய கொள்முதல் வரை ஒரே தொகுப்பில் நடத்திப் பார்க்கலாம்.

1. தேடத் தொடங்கும் முன் வேண்டியவை

மில்லிமீட்டர் அளவுள்ள நல்ல அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, தலை திருப்பக்கூடிய மேசை விளக்கு, சிறிய புற ஊதா டார்ச் ஆகியவை போதும். இவற்றை டீலரைத் தேடும் முன்பே வாங்க வேண்டும். கார்டு வந்த பிறகு கருவி தேடுபவர், திருப்பி அனுப்பும் கெடுவில் பாதியை அதிலேயே செலவழித்துவிடுகிறார்.

இவற்றைவிட முக்கியமானது, நீங்கள் சேகரிக்கப் போகும் தொகுப்பைச் சேர்ந்த, மூலை மழுங்கிய, மடிப்பு விழுந்த நான்கைந்து காமன் கார்டுகள். அந்த நிலையிலுள்ள காமன் கார்டைப் போலியாக அச்சிடுவதால் யாருக்கும் இலாபமில்லை என்பதால், அவை அசல் என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம். அட்டையின் தடிமன், விரலில் உணரும் சொரசொரப்பு, விளிம்பு வெட்டப்பட்டிருக்கும் விதம், அச்சுப் புள்ளிகளின் தோற்றம் ஆகியவற்றை இவற்றிலிருந்துதான் கற்க வேண்டும்; திரையில் படம் பார்த்துக் கற்க முடியாது.

அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் பேஸ்பால் கார்டு 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும், அதாவது ஏறத்தாழ 66.7 × 95.3 மி.மீ. கொண்டது. 1957 முதல் அது 2½ × 3½ அங்குலமாக, அதாவது 63.5 × 88.9 மி.மீ. ஆகச் சுருங்கியது. டாப்ஸ் நிறுவனமே 1983-இல் 1952 தொகுப்பை மறுபதிப்பாக வெளியிட்டபோது இந்தச் சிறிய அளவையே பயன்படுத்தியது. எனவே ‘1952 மேன்டில்’ என்று நீட்டப்படும் அந்த மறுபதிப்பை அடையாளம் காண அளவுகோல் ஒன்றே போதும்.

தொகுப்புக்கே உரிய வேறுபாடுகளையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும். 1956 டாப்ஸில் முதல் 180 எண்கள் சாம்பல் நிறப் பின்புறத்துடனும் வெள்ளைப் பின்புறத்துடனும் கிடைக்கின்றன. இது தெரியாமல், இரண்டு கார்டுகளின் பின்புறம் ஒன்றுபோல் இல்லையே என்று நேர்மையான டீலரிடம் ‘இது போலி’ என்று புகார் எழுப்புபவர்கள் உண்டு. ஆரம்பத்திலேயே கெடும் அந்த உறவு பிறகு சரியாவது அரிது.

கடைசியாக, நிலையைக் குறிக்கும் சொற்கள். குட் 2, வெரி குட் 3, வெரி குட்–எக்ஸலென்ட் 4, எக்ஸலென்ட் 5, எக்ஸலென்ட்–மின்ட் 6, நியர் மின்ட் 7, நியர் மின்ட்–மின்ட் 8 என்ற, பி.எஸ்.ஏ. என்னும் தரமிடும் நிறுவனத்தின் வரிசைச் சொற்களையே டீலர்களும் ரா கார்டுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். லேசான மடிப்பு உள்ள கார்டு பொதுவாக 4-க்கு மேல் போகாது என்பது தெரிந்தால், ‘எக்ஸலென்ட், சிறு மடிப்பு மட்டும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் கடந்துவிடலாம்.

2. எதை ரா நிலையில் வாங்கலாம் என்று முடிவு செய்தல்

டீலரைத் தேடும் முன் இந்த முடிவு தேவை. ஏனெனில் சில கார்டுகளை எந்த டீலரிடமும் ரா நிலையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

தரமிடலுக்குக் கட்டணம், அஞ்சல் செலவு, காத்திருப்பு மூன்றும் உண்டு. வெரி குட் நிலையிலுள்ள 1956 காமன் கார்டைத் தரமிட்டால் கூடும் மதிப்பு, அந்தச் செலவைக்கூட ஈடுகட்டாது. ஆகவே அது உறையில்லாமல் இருப்பது இயல்பு. 1956 மேன்டில் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிறது: குறையற்ற அசல் என்றால் தரமிட்டு விற்பவருக்குக் கட்டணத்தைப் போல் பல மடங்கு கூடுதலாகக் கிடைக்கும். அப்படியிருந்தும் அது ரா நிலையில் இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

அதற்கு நேர்மையான பதில்கள் இருக்கின்றன. குடும்பச் சேகரிப்பு ஒன்று அப்போதுதான் விலைக்கு வந்திருக்கலாம். பிளாஸ்டிக் உறையையே விரும்பாத பழைய டீலராக இருக்கலாம். ஆனால் தரமிடலுக்குப் போய் ‘மாற்றம் செய்யப்பட்டது’ என்று திரும்பி வந்த கார்டாகவும், குறைந்த மதிப்பெண் பெற்று உறை உடைக்கப்பட்ட கார்டாகவும் அது இருக்கலாம். விளக்கம் தரும் பொறுப்பு விற்பவருடையது.

எனவே உங்களுக்கென ஒரு விலை உச்சவரம்பை எழுதி வையுங்கள். முழுவதுமாக இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையாக அது இருக்கட்டும். அதற்கு மேற்பட்டதை, ஒரு டீலர் கீழ்க்கண்ட படிகளையெல்லாம் தாண்டும் வரை, தரமிட்ட உறையில் மட்டும் வாங்குங்கள். போலிகள் மலிந்த சில கார்டுகளுக்கு இந்த விதியை எப்போதுமே தளர்த்தக்கூடாது: 1952 டாப்ஸ் மேன்டில் (311), 1963 டாப்ஸ் பீட் ரோஸ் அறிமுகக் கார்டு (537), பேஸ்பாலுக்கு வெளியே 1979–80 ஓ-பீ-சீ ஐஸ் ஹாக்கித் தொகுப்பின் வெய்ன் கிரெட்ஸ்கி (18), 1986–87 ஃபிளியர் கூடைப்பந்துத் தொகுப்பின் மைக்கேல் ஜார்டன் (57).

3. முதல் பட்டியல் தயாரித்தல்

எட்டு அல்லது பத்துப் பெயர்களுடன் தொடங்கி, சோதனைக்கு மூன்றாகக் குறைப்பது வசதி. ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால் அவருடைய ‘எக்ஸலென்ட்’ கண்டிப்பானதா தளர்ந்ததா என்று ஒப்பிட வழியில்லை.

சொந்தக் கையிருப்பை இணையதளத்திலும் அஞ்சல் வழியிலும் விற்கும் சிறப்பு டீலர்களிடம் முதலில் போங்கள். விஸ்கான்சின் மாநிலம் ஸ்டீவன்ஸ் பாயின்ட்டில் உள்ள லாரி ஃபிரிட்ச் கார்ட்ஸ், ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியில் உள்ள டீன்ஸ் கார்ட்ஸ் ஆகியவை இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். பெயர் குறிப்பிட்டதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; எவருக்கும் சோதனை ஒன்றே. அடுத்ததாக ஈபேயில் பழைய ரா கார்டுகளையே முழுநேரமாக விற்பவர்கள். மூன்றாவது, சி.ஓ.எம்.சி. போன்ற பொதுச் சந்தைகள்: அங்கே ஒவ்வொரு கார்டுக்கும் இரு புறத்தின் படமும் உண்டு, ஆனால் பலருடைய கார்டுகள் ஒரே இடத்தில் இருப்பதால் ‘டீலர்’ என்று மதிப்பிட ஒருவர் இல்லை. முகநூல் குழுக்களில் நல்லவர்கள் நிறைய இருந்தாலும், பணப் பாதுகாப்பு குறைவு என்பதால் அவற்றைக் கடைசியில் வைக்கிறேன்.

பட்டியலைச் சுருக்க ஒரு நம்பகமான வழி இருக்கிறது. ஏதேனும் ஒரு காமன் கார்டின் எண்ணைத் தேடி, அதே கார்டைப் பல நிலைகளில், பல விலைகளில் வைத்திருப்பவர் யார் என்று பாருங்கள். தன் கையிருப்பிலேயே வெரி குட்டுக்கும் எக்ஸலென்ட்டுக்கும் விலை வேறுபாடு வைத்திருப்பவருக்கு அந்த எல்லையைக் காப்பாற்ற வேண்டிய தேவை இருக்கிறது. எல்லாக் கார்டையும் ‘அருமையான நிலை’ என்று எழுதுபவருக்கு அந்தத் தேவை இல்லை.

4. விற்பனை விவரத்தைப் படிக்கும் முறை

புதியவர்கள் டீலரின் நட்சத்திரக் கார்டுகளைத்தான் முதலில் திறந்து பார்க்கிறார்கள். அவருடைய மிக மலிவான கார்டுகளைத் திறந்து பாருங்கள். மூன்று டாலர் கார்டுக்கும் ‘பின்புறம் இடது மேல் மூலையில் மெல்லிய சுருக்கம்’ என்று எழுதுபவர், முந்நூறு டாலர் கார்டிலும் அதை எழுதுவார் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

பிறகு படங்களைப் பாருங்கள். முன்புறம், பின்புறம் இரண்டும் இருக்க வேண்டும். படம் கார்டின் விளிம்பை ஒட்டியே கத்தரிக்கப்பட்டிருந்தால், தேய்மானத்தை மறைக்கக் கார்டின் விளிம்பு வெட்டப்பட்டதா என்று பார்க்க முடியாது. ஸ்கேனரின் வெளிச்சத்தை உயர்த்தி வைத்து, கார்டின் வெள்ளை ஓரம் பின்னணியோடு கரையும் அளவுக்குப் படம் இருந்தால், பழுப்பேறலும் மூலைத் தேய்மானமும் மறைந்துவிடும். ஸ்கேனர் நேராக ஒளி பாய்ச்சுவதால் மெல்லிய சுருக்கக் கோடுகள் அதில் பெரும்பாலும் பதிவதில்லை. உச்சவரம்பை நெருங்கும் கார்டுகளுக்கு, உறையிலிருந்து எடுத்துச் சாய்வாக எடுத்த ஒரு புகைப்படத்தைக் கேட்பது இதனால்தான்.

திருகாணி போட்டு இறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் பல ஆண்டுகள் இருந்த கார்டிடம் எச்சரிக்கை வேண்டும். அந்த அழுத்தம் அட்டையைத் தட்டையாக்கி மூலைகளைப் பரப்பிவிடக்கூடும்.

சில சொற்களைக் கண்டால் நின்று யோசியுங்கள். ‘வயதுக்கு ஏற்ற நல்ல நிலை’, ‘எனக்குக் கார்டுகளைப் பற்றி அதிகம் தெரியாது’, ‘தாத்தாவின் பரணில் கிடைத்தது’, ‘உள்ளபடி விற்பனை, திருப்பி எடுக்கப்படாது’ ஆகியவை தனித்தனியே குற்றமல்ல. ஆனால் கார்டு பற்றி எதுவும் தெரியாதவர் சந்தை விலையைத் துல்லியமாகக் கேட்டு, திருப்பியும் எடுக்க மாட்டேன் என்றால், தெரியாதது எது என்ற கேள்வி எழுகிறது. தலைப்பின் கடைசியில் மறுபதிப்பைக் குறிக்கும் ‘RP’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முழுத் தலைப்பையும் படிக்காமல் பணம் கட்டுபவர்களை நம்பியே சிலர் வியாபாரம் செய்கிறார்கள்.

5. பின்னூட்டத்தையும் பழைய படங்களையும் ஆராய்தல்

விழுக்காட்டைப் பார்க்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் விற்பவர்கள் எல்லோருக்கும் அது நூறை ஒட்டியே இருக்கும். எதிர்மறையான, நடுநிலையான பின்னூட்டங்களை மட்டும் பிரித்துப் படியுங்கள். ‘டிரிம்’ (விளிம்பு வெட்டப்பட்டது), ‘மாற்றப்பட்டது’, ‘மறுபதிப்பு’ என்ற பொருளில் வரும் புகார்களைத் தேடுங்கள். அஞ்சல் தாமதம் பற்றிய புகார் பத்து இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். விளிம்பு வெட்டப்பட்டது என்ற புகார் ஒன்று இருந்தாலும் அதற்கு டீலர் எழுதிய பதிலை நிதானமாகப் படியுங்கள். ‘திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன்’ என்று எழுதியவரும், வாங்கியவரைத் திட்டியவரும் வெவ்வேறு ஆட்கள்.

நல்ல பின்னூட்டங்கள் எதை விற்றுக் கிடைத்தவை என்பதும் முக்கியம். புதிய கார்டுகளையோ வேறு பொருள்களையோ விற்றுச் சேர்த்த நற்பெயர், 1950-களின் கார்டுகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நீண்டகாலம் உறங்கிய கணக்கு திடீரென விலையுயர்ந்த பழைய கார்டுகளை விற்கத் தொடங்கியிருந்தால் அது களவாடப்பட்ட கணக்காகவும் இருக்கலாம்.

விலை கூடிய கார்டாக இருந்தால் இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒவ்வொரு பழைய கார்டிலும் அதற்கே உரிய அடையாளம் இருக்கும்: ஓர் அச்சுப்புள்ளி, ஒரு கறை, மையம் விலகியிருக்கும் அளவு. ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பக்கங்களிலும் ஈபேயின் முடிந்த விற்பனைகளிலும் அதே அடையாளமுள்ள படம் இருக்கிறதா என்று தேடுங்கள். சென்ற ஆண்டு ‘மாற்றப்பட்டது’ என்ற சீட்டுடன் உறையில் விற்ற கார்டு, இந்த ஆண்டு உறையில்லாமல் ‘நியர் மின்ட்’ ஆக வருவது உண்டு. 2019-இல் தரமிட்ட உறைகளுக்குள்ளேயே வெட்டப்பட்ட கார்டுகள் இருப்பதைச் சேகரிப்பாளர்கள் வெளிக்கொணர்ந்தது, பழைய ஏலப் படங்களையும் புதிய படங்களையும் இப்படி அருகருகே வைத்துப் பார்த்துத்தான்.

6. எழுத்தில் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் கேட்காமல், நீங்கள் வாங்கும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். பிறகு முறையீடு செய்ய நேர்ந்தால் அந்தத் தளம் பார்க்கக்கூடிய சான்று அதுவே.

முதல் கேள்வி: இந்தக் கார்டு முன்பு உறையில் இருந்ததா, அல்லது தரமிடலுக்கு அனுப்பப்பட்டதா? இரண்டாவது: வெட்டுதல், நிறம் பூசுதல், அழுத்துதல், வேதிப்பொருளால் துடைத்தல் ஏதேனும் நடந்ததாக உங்களுக்குத் தெரியுமா, அளந்து பார்த்தீர்களா? மூன்றாவது: படத்தில் தெரியாத சுருக்கம் உண்டா? நான்காவதுதான் தலையாயது: பி.எஸ்.ஏ. அல்லது அதுபோன்ற தரமிடும் நிறுவனமான எஸ்.ஜி.சி. இதை அசல் அல்ல என்றோ மாற்றப்பட்டது என்றோ சொன்னால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா, எத்தனை காலம் வரை?

‘என்ன மதிப்பெண் கிடைக்கும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். நேர்மையான டீலரால் அதற்கு உறுதி தர முடியாது. எண்ணைச் சொல்லி உறுதி தருபவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது. அசல் என்பதற்கான உத்தரவாதமும் மதிப்பெண்ணுக்கான உத்தரவாதமும் வேறு வேறு. முதலாவதை மறுப்பவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

ஒரு மரியாதையும் இதில் இருக்கிறது. இரண்டு டாலர் கார்டுக்கு நான்கு கேள்விகள் அனுப்பினால் எந்த டீலரும் சலித்துக்கொள்வார். மலிவான கார்டுகளுக்கு அவருடைய பொதுவான கொள்கையை ஒருமுறை கேட்டால் போதும்.

7. சோதனைக் கொள்முதல்

தேர்ந்த மூன்று டீலர்களிடமும் ஒரே தொகுப்பிலிருந்து ஐந்து காமன் கார்டுகளை வாங்குங்கள். ஒவ்வொருவரிடமும் வெரி குட்டில் இரண்டு, எக்ஸலென்ட்டில் இரண்டு, அவர் எக்ஸலென்ட்–மின்ட் என்று சொல்வதில் ஒன்று என நிலைகள் ஒத்திருக்கட்டும். மூவரையும் ஒரே கேள்வித்தாளில் சோதிப்பதற்காகவே இந்த ஒழுங்கு.

பணத்தைக் கடன் அட்டையிலோ பேபாலின் பொருள்-சேவை முறையிலோ செலுத்துங்கள். பேபாலின் நண்பர்-குடும்பம் முறையில் அனுப்பினால் சில டாலர் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் மறுத்துவிடுங்கள். பொருள்-சேவை முறையில் 180 நாள் வரை முறையிடலாம், மற்றதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பே கிடையாது.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வாங்குபவர்கள், அமெரிக்க முகவரி தரும் மறு-அனுப்பல் நிறுவனங்கள் வழியே வரவழைக்கும் முன் ஈபேயின் விதிகளைப் படிக்க வேண்டும். பொருள் ஒரு முகவரிக்குச் சென்று அங்கிருந்து வேறிடத்துக்கு அனுப்பப்பட்டால் ஈபேயின் பணப் பாதுகாப்பு பொருந்தாது. அமெரிக்காவில் உள்ள உறவினரோ நண்பரோ கார்டைப் பெற்று, அடுத்த படியில் உள்ள சோதனையை அங்கேயே முடித்துவிட்டு அனுப்புவதே சரி.

8. கார்டு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

வந்த இரண்டு நாளுக்குள் இதை முடித்துவிடுங்கள். பொதியைப் பிரிப்பதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பொதி கட்டிய விதமே ஒரு தகவல்: மெல்லிய உறை, அதன்மேல் கெட்டி உறை, இருபுறமும் அட்டை, எளிதில் உரியும் ஒட்டுநாடா என்று அனுப்புபவர் கார்டைக் கையாளத் தெரிந்தவர்.

முதலில், வந்திருப்பது படத்தில் இருந்த அதே கார்டுதானா என்று அச்சுக் குறைகளை வைத்து உறுதி செய்யுங்கள். மாறி வந்த கார்டைச் சோதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அடுத்து அளவு. வெற்று எண்ணாக மட்டும் பார்க்காமல், உங்களிடமுள்ள அசல் காமன் கார்டின்மேல் வைத்து நான்கு பக்கமும் ஒப்பிடுங்கள். அக்காலத்தில் தாள்கள் ஆலையில் வெட்டப்பட்டபோதே சிறு வேறுபாடுகள் வந்தன. ஆகவே அரை மில்லிமீட்டர் குறைந்ததும் குற்றம் சாட்ட வேண்டாம். அளவும் குறைந்து, அந்தப் பக்க விளிம்பு மட்டும் புதிதாக வெட்டியது போல் கூர்மையாகவும் வெளிறியும் இருந்தால்தான் சந்தேகம் வலுக்கிறது. ஒரே கார்டின் நான்கு விளிம்புகளும் ஏறத்தாழ ஒன்றுபோல் மூப்படைந்திருக்க வேண்டும்.

பிறகு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஜவுளிக்கடையில் பட்டைச் சாய்த்துச் சாய்த்து ஒளியில் பார்ப்பது போல, கார்டை மெல்லத் திருப்புங்கள். சுருக்கங்கள் இதில்தான் தெரியும். ஓரிடத்தில் மட்டும் பளபளப்பு மங்கியிருந்தால் அங்கே எழுதியிருந்ததை யாரோ அழித்திருக்கக்கூடும்.

உருப்பெருக்கியில் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் இடைவெளியற்ற ஒரே சீரான மையில், புள்ளிகளின்றி இருக்கும். படப்பகுதியில் மட்டும் நிறப்புள்ளிகள் இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சிட்ட போலியில் எழுத்துகளும் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பெரும்பாலான போலிகளைப் பிடிக்க இந்த ஒரு பார்வையே போதும்.

நிறம் பூசியிருப்பதை வண்ண ஓரமுள்ள தொகுப்புகளில் தேட வேண்டும். 1971 டாப்ஸின் கறுப்பு ஓரம் சிறிது உராய்ந்தாலும் வெள்ளையாகத் தெரியும் என்பதால், பேனாவால் அதை மறைக்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. உருப்பெருக்கியில் மை நாரிழைகளுக்குள் ஊறியிருப்பது தெரியும். புற ஊதா ஒளியில் பூசிய இடம் வேறு சாயலில் தோன்றும். 1962-இன் மரநிற ஓரத்துக்கும் இது பொருந்தும்.

புற ஊதா டார்ச்சை எல்லாத் தொகுப்புக்கும் ஒரே அளவுகோலாகப் பயன்படுத்தாதீர்கள். தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்பே பரவலாயின. எனவே 1909–11 காலத்தில் சிகரெட் பெட்டிகளுடன் வந்த டி206 தொகுப்பைப் போன்ற கார்டு நீல வெண்மையில் ஒளிர்ந்தால் அது புதிய தாள். 1950-களுக்குப் பிந்தைய கார்டுகளில் ஒளிர்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதே தொகுப்பின் அசலோடு ஒப்பிட வேண்டும்.

பின்புறத்தை மறக்கவே கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஆல்பத்தில் ஒட்டிப் பிரித்த பசைத் தடம், உரிந்த தாள், பென்சில் எழுத்து ஆகியவை முன்புறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பை அடிமட்டத்துக்குக் கொண்டு செல்லும்.

எல்லாம் முடிந்த பின் டீலர் எழுதிய நிலையைப் பார்க்காமல் உங்கள் மதிப்பீட்டை எழுதுங்கள். அவருடையதைப் பார்த்துவிட்டு எழுதினால் உங்கள் கண் அதையே உறுதிப்படுத்தும்.

9. ஒப்பீடும் திருப்பி அனுப்பலும்

கார்டு எண், டீலரின் மதிப்பீடு, உங்கள் மதிப்பீடு, குறிப்பு என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போதும். ஒரு படி வேறுபாடு இயல்பு. எல்லாக் கார்டிலும் ஒரே திசையில் ஒரு படி கூட்டிச் சொல்கிறார் என்றால் அவர் தளர்வாகத் தரமிடுபவர். விலையை அதற்கேற்பக் கணித்து அவரிடம் தொடர்ந்து வாங்கலாம். சொல்லாத மடிப்பு, சொல்லாத வெட்டு என்றால் கதை வேறு.

உண்மையான குறையுள்ள கார்டு ஒன்றாவது இருந்தால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், படத்துடன் பணிவாக எழுதித் திருப்பி அனுப்புங்கள். ‘மூன்று டாலர்தானே’ என்று விட்டுவிடுபவர் இந்த முழு முயற்சியின் மிகப் பயனுள்ள தகவலை இழக்கிறார். மன்னிப்புக் கேட்டு உடனே பணம் தருபவர், ‘இது மடிப்பல்ல’ என்று வாதிடுபவர், நல்ல பின்னூட்டம் போட்டால் தருகிறேன் என்பவர் ஆகிய மூவரில் யாரிடம் பெரிய கார்டு வாங்குவது என்பதை விளக்க வேண்டியதில்லை. குறையே இல்லாதபோது சோதனைக்காகப் பொய்யாகத் திருப்பி அனுப்புவது மட்டும் கூடாது; டீலர்களும் வாங்குபவர்களை நினைவில் வைத்திருப்பார்கள்.

ஈபேயின் பணப் பாதுகாப்புக்குப் பொதுவான கெடு, பொருள் கிடைத்ததிலிருந்து 30 நாள். ‘தரமிடலுக்கு அனுப்பும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெட்டியில் வைப்பவர்கள் இந்தக் கெடுவைத்தான் தவற விடுகிறார்கள்.

10. ஓரிரு கார்டுகளைத் தரமிட அனுப்புதல்

தேறிய டீலரிடம் வாங்கியவற்றுள் சிறந்த ஒன்றிரண்டை மட்டும் அனுப்புங்கள். காமன் கார்டுக்கு இந்தச் செலவு வீண்தான். ஆனால் இது கார்டுக்கான செலவல்ல, டீலரைச் சோதிப்பதற்கான கட்டணம்.

மதிப்பெண் ஒன்று குறைந்து வந்தால் கவலை வேண்டாம். ‘குறைந்தபட்ச அளவு இல்லை’ என்று வந்தாலும் அது வெட்டியதற்குச் சான்றல்ல. ஆலையிலேயே சிறிதாக வெட்டப்பட்டிருக்கலாம். ‘வெட்டப்பட்டது’, ‘மாற்றப்பட்டது’ என்று வந்தால் ஆறாவது படியில் பெற்ற எழுத்து உறுதியை அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.

தரமிடலும் ஒரு நிபுணரின் கருத்தே. பி.எஸ்.ஏ. 8 மதிப்பெண் பெற்ற புகழ்பெற்ற டி206 ஹோனஸ் வாக்னர் கார்டை வெட்டியது தானே என்று ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்ற நடவடிக்கையில் ஒப்புக்கொண்டார். ஆகவே உறை இருந்தாலும் அளவுகோலை எடுத்து வைத்துவிட வேண்டாம்.

11. விலை

கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் பேரம் ஏற்கப்பட்ட விற்பனைகளில் கோடிட்டுக் காட்டப்படும் தொகை உண்மையில் கைமாறிய தொகை அல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

டீலர் எக்ஸலென்ட் என்று எழுதிய ரா கார்டுக்குத் தரமிட்ட 5-இன் விலையைக் கொடுப்பது மிகப் பரவலான தவறு. அந்த உறைக்குள் கட்டணமும் ஐயநீக்கமும் அடங்கியிருக்கின்றன. சோதனை முடியாத டீலரிடம் இரண்டு படி கீழுள்ள விலையையும், தேறியவரிடம் ஒரு படி கீழுள்ள விலையையும் தொடக்கமாகக் கொள்கிறேன். அனுபவமுள்ள டீலர் சந்தையைவிட மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார் என்றால், விலை தெரியாமல் தரவில்லை.

12. கண்காட்சி மேசையில் வாங்கும்போது

ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் நேஷனல் ஸ்போர்ட்ஸ் கலெக்டர்ஸ் கன்வென்ஷன், ஊர்தோறும் நடக்கும் சிறு கண்காட்சிகள் ஆகியவற்றில் கார்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதால் நான்காவது, எட்டாவது படிகள் சுருங்கிவிடும். ஆனால் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பும் சுருங்குகிறது.

முதல் சுற்றில் எதையும் வாங்காமல் நடந்து, ஒரே கார்டுக்கு வெவ்வேறு மேசைகள் சொல்லும் நிலையையும் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டி உறையிலிருந்து எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் விலை கூடியதை வாங்க வேண்டாம். ரொக்கம் கொடுத்தாலும், ‘அசல், மாற்றம் செய்யப்படாதது’ என்று கையெழுத்துடன் ரசீது பெறுங்கள். அந்த ஒரு வரியை எழுதத் தயங்கும்போதே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

13. பெரிய கார்டுக்கு ஏறுதல்

தேறிய டீலரிடமும் காமனிலிருந்து நேரே மேன்டிலுக்குத் தாவ வேண்டாம். 1956 தொகுப்பில் லூயிஸ் அபரிசியோவின் அறிமுகக் கார்டு (292), பிறகு சாண்டி கோஃபாக்ஸ் (79), பிறகு ஹேங்க் ஆரன் (31) அல்லது கிளெமென்ட்டே என்று படிப்படியாக ஏறுங்கள். அவரிடம் இதுவரை வாங்கியதில் மிக விலை கூடியதைப் போல் மூன்று மடங்கைத் தாண்டாமல் அடுத்ததை வாங்குவது என் வழக்கம். ஒரு டீலர் சிறு தொகைகளில் ஒழுங்காகவும் பெருந்தொகையில் வேறாகவும் நடந்தால், அதை நடுவழியிலேயே தெரிந்துகொள்ள இது இடம் தரும்.

மேன்டிலை வாங்கும் நாளில் இரண்டு வழிகள்தான் உள்ளன: தரமிட்ட உறையில் வாங்குவது, அல்லது எழுத்து உறுதி பெற்று, கெடு முடியும் முன் தரமிட அனுப்பிவிடுவது. ரா நிலையில் வாங்கி அப்படியே ஆல்பத்தில் வைப்பதை மூன்றாவது வழியாக நான் கருதவில்லை.

இந்த நிலைக்கு வந்தபின் உங்கள் தேவைப் பட்டியலை அந்த டீலரிடம் கொடுத்துவிடலாம். எண்களை மட்டும் எழுதாமல், ஏற்கும் குறைந்தபட்ச நிலை, பொறுத்துக்கொள்ளும் குறை, பொறுத்துக்கொள்ளாத குறை மூன்றையும் எழுதுங்கள்: ‘மையம் விலகியிருக்கலாம், மூலை மழுங்கியிருக்கலாம், மடிப்பும் பேனா எழுத்தும் தாள் உரிதலும் கூடாது’ என்பது போல. புதுச் சேகரிப்பு ஒன்று கைக்கு வரும்போது டீலர்கள் இத்தகைய பட்டியல் கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் எழுதுகிறார்கள்; பட்டியல் தெளிவாக இருந்தால் தேவையற்ற கார்டுகள் வந்து திரும்பிப் போகும் செலவு இருவருக்கும் மிச்சமாகும்.